அடுப்புக்குள் போகாதது

எர்சுரூம், 1914 டிசம்பர் 2

நஸ்மியேவுக்கு,

நமக்கு நிச்சயம் பேசிய அன்று உன் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நான் ரொட்டி சுடறவன். பசி இல்லாத நாளே கிடையாது, எனக்கு தினமும் வேலை உண்டு. காய்ச்சக்காரன் ஒருத்தனும் வராத நாள்ல வைத்தியனுக்கு என்ன வேலை?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பினேன். ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் பதில் கிடைத்திருக்கிறது. அதை நீதான் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

செப்டம்பரிலிருந்து நீ எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் தெரியும். பட்டாள ஆள் சேர்ப்பில் உன் தம்பி லுத்ஃபியின் மார்பில் காது வைத்துக் கேட்டவன் நான். 'தகுதி' என்று எழுதியவனும் நான்தான். அன்று காலையில் அதே போன்ற ஒடுங்கிய மார்போடு மூன்று விதவைகளின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தேன். நான்காவதாக என் மைத்துனன் வந்து நின்றபோது வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை. இதற்கு மேல் என்னிடம் சமாதானம் இல்லை. கோபத்தை வைத்துக்கொள். ஆனால் கிழிக்காமல் படி.

பள்ளிக்கூடமாக இருந்த கட்டடத்தில் எண்ணூறு சிப்பாய்களைக் கிடத்தியிருக்கிறோம். குண்டடி பட்டவர்கள் நூறுகூட இல்லை. மற்ற எல்லோருக்கும் புள்ளிக் காய்ச்சல். முதல் நாள் தலைவலி, நாலைந்தாம் நாள் மார்பிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள், பத்தாம் நாள் பிதற்றல். இரண்டு வாரத்தில் பிழைப்பா சாவா என்று தெரிந்துவிடும். ஒன்பது மருத்துவர்களில் மூன்று பேரைப் புதைத்துவிட்டோம். கெட்ட காற்றுதான் காரணம் என்று தலைமை மருத்துவர் சன்னல்களைத் திறக்கச் சொல்கிறார். திறந்தால் குளிரில் சாகிறார்கள். காரணம் காற்று அல்ல, சீலைப்பேன். துணித் தையலில் ஒளிந்திருந்து உடம்பைக் கடிக்கிறதே, அதுதான்.

உன் வீட்டு வேலையை வைத்தே சொல்கிறேன். ஒரு தொட்டி மாவுக்கு ஒரு பிடி புளித்த மாவு போதும், விடிவதற்குள் தொட்டி முழுக்கப் பொங்கிவிடும். அதுபோல இருநூறு சிப்பாய்கள் கொண்ட ஒரு கம்பெனிக்கு ஒரு சட்டை போதும். டிராப்ஸனில் கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் வழியெல்லாம் குதிரை லாயங்களில் ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்துத்தான் வருகிறார்கள். என்னிடம் வந்து சேரும்போது காலம் கடந்துவிடுகிறது.

பாதி வழியில் பைபுர்த் இருக்கிறது. அங்கே உன் அப்பாவின் மூன்று ரொட்டி அடுப்புகளும், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு ஹமாம் குளியல்கூடமும் இருக்கின்றன. ஆட்கள் குளிக்கிற நேரத்தில் அவர்கள் துணி அடுப்பில் வேக வேண்டும். காய்ச்சக்காரன் வராத நாளை உண்டாக்குவதுதான் வைத்தியன் வேலை, அப்பா கேட்டதற்குப் பதில் அது. கேட்பது இவ்வளவுதான். எவ்வளவு பெரிய காரியத்தைக் கேட்கிறேன் என்றும் தெரியும்.

பயிற்சி முடிந்து லுத்ஃபியின் கம்பெனி மாதக் கடைசியில் உங்கள் ஊர் வழியாகத்தான் வரும்.

ஷெவ்கெத்


பைபுர்த், டிசம்பர் 9

மருத்துவர் ஷெவ்கெத் பே அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

அடுப்படியிலேயே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தலைமை ரொட்டிக்காரர் ஸெக்கெரியா உஸ்தா பாதியிலேயே ரொட்டி எடுக்கும் நீளத் துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டார். "கீழ விழுந்த ரொட்டித் துண்ட எடுத்து முத்தம் வச்சு நெத்தியில ஒத்திக்கிறவங்க நாம. அது வேகற வயித்துல சீலைப்பேனப் போடணுமாமே? ஹாஜி, உங்க மாப்பிள்ளைக்கு எர்சுரூம் குளிர்ல மூளை உறைஞ்சு போச்சு" என்றார்.

அப்பா, "நாம யாருக்கு ரொட்டி சுடறோம், ஸெக்கெரியா?" என்று கேட்டார்.

"பசிச்சவனுக்கு."

"பசிக்கிறதுக்கு ஆள் உசிரோட இருக்கணும்ல?"

"அதுக்காக அடுப்பையா அசிங்கப்படுத்தணும்? நாளைக்கு ஊர்ல எவன் நம்ம ரொட்டிய வாங்குவான்?"

அப்பா எழுந்துபோய்ப் பின்கட்டிலிருக்கும் விரிசல் விட்ட சின்ன அடுப்பின் முன் நின்றார். இனி அதில் ரொட்டி போடுவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, கதவில் கரியால் ஒரு கோடு கிழித்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"உங்க கோட்டுல பேன் இருக்கா ஹாஜி?" என்றார் உஸ்தா.

"இருக்கா இல்லையான்னு கோட்டக் கேளு. முதல்ல உள்ள போடு."

உஸ்தா சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு மறுக்க அவரால் முடியவில்லை.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எதையெல்லாம் போட வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். இதை உங்களுக்காகச் செய்யவில்லை. லுத்ஃபி இந்தக் கதவு வழியாகப் போய் உயிரோடு திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

நஸ்மியே


எர்சுரூம், டிசம்பர் 15

நஸ்மியே,

உன் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வார்டைச் சுற்றி வந்தேன். அப்பாவின் கையை எனக்காக முத்தமிடு.

சூட்டைப் பற்றி உஸ்தாவுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. அவர் அடுப்புத் தரையில் மாவைத் தூவிப் பார்ப்பாரே, அதே வழிதான். மாவு உடனே கருகினால் துணியும் கருகும். மெல்லப் பழுப்பேறினால் சரி. துணிகளை மூட்டையாகக் கட்டாமல் கம்பியில் தொங்கவிடச் சொல். ஒரு மணி நேரம்.

உடம்பில் பட்ட எல்லாம் போக வேண்டும். சட்டை, உள்சட்டை, கால்சட்டை, கால் சுற்றும் துணி, இடுப்புத் துணி, குல்லா, போர்வை, எல்லாம்தான். தலையையும் அக்குளையும் மழித்துவிட வேண்டும். ஒருவனை விட்டாலும் அத்தனை பேரையும் விட்ட மாதிரி.

இன்று மட்டும் நாற்பத்தொரு பேரை வெளியே எடுத்துப் போனோம். நிலம் இறுகிவிட்டது, குழி தோண்ட முடியவில்லை.

ஷெவ்கெத்


பைபுர்த், டிசம்பர் 29

ஷெவ்கெத்,

லுத்ஃபி வந்தான்! நேற்று முன்தினம் மதியம் இருநூற்றுப் பத்துப் பேரோடு வந்தான். மெலிந்திருக்கிறான். ஆனால் இருமல் இல்லை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அக்கா, என் துணியெல்லாம் சுடப் போறீங்களாமே, எள்ளு தூவித்தானே?" என்றுதான்.

ஹமாமில் நடந்த கூத்தைக் கேளுங்கள். துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தவர்கள் சுவரைத் தட்டித் தட்டிச் சத்தம் போட்டார்கள். "உஸ்தா, என் கால்சட்டையக் கருக்கிடாதீங்க, எனக்கிருக்கிறது அது ஒண்ணுதான்!" என்றான் ஒருவன். "அப்ப மொறுமொறுன்னு எடுத்துத் தரேன், பசிச்சா கடிச்சுக்கோ!" என்று இந்தப் பக்கத்திலிருந்து உஸ்தா கத்தினார். நான் சுவருக்கு இப்பால் நின்று எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

ஒரே ஒரு தகராறு, அதுவும் முதல் நாளே தீர்ந்துவிட்டது. எல்லோர் கழுத்திலும் வீட்டில் தைத்துப் போட்ட தாயத்து இருக்கிறதல்லவா? அதைக் கழற்றச் சொன்னபோது ஓர் ஆள் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "இது கழுத்துல இருக்கிறவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எங்கம்மா நம்பிட்டு இருக்கா. கழட்ட மாட்டேன்" என்றார். இறைவசனம் எழுதிய காகிதத்தை அடுப்பில் போடலாமா என்று உஸ்தா பள்ளிவாசல் ஹோஜாவிடம் கேட்டுவந்தார். கூடவே கூடாது என்றாராம். அதனால் அவற்றை விட்டுவிட்டோம். குளிக்கும்போது பத்துப் பேருடையதை ஒருவர் வாங்கிக் கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறார். குளித்து முடித்ததும் அவரவருடையது அவரவர் கழுத்துக்கு. லுத்ஃபியுடையது நான் தைத்தது. கயிறு நைந்திருந்தது, புதுக் கம்பளிக் கயிறு கோத்துக் கொடுத்தேன்.

இன்று காலை கோப் கணவாய் வழியாகப் புறப்பட்டுப் போனார்கள். "மச்சானோட சண்டைய விட்டுடு அக்கா, அவர் எழுதினது பொய் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவனைப் பார்த்ததும் எழுதுங்கள்.

நஸ்மியே


எர்சுரூம், ஜனவரி 13

நஸ்மியே,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். லுத்ஃபிக்குக் காய்ச்சல். பத்தாம் தேதி தலைவலி என்று வந்தான். இன்று வயிற்றில் முதல் புள்ளிகளைப் பார்த்தேன். அவன் கம்பெனியில் மட்டும் முப்பத்தொரு பேர்.

எல்லோரும் உங்கள் அடுப்பைத் தாண்டி வந்தவர்கள். தலைமை மருத்துவர் என் மேசைக்கு வந்து, "என்ன டாக்டர், உங்க மாமனார் சரியா வேகவைக்கலையோ?" என்று சிரித்துவிட்டுப் போனார். நான் என்ன சொல்ல? மற்ற ஊர்களிலும் அடுப்பு கேட்டு எழுதியிருந்தேன். அதை நிறுத்தி வைத்துவிட்டார்.

உஸ்தாவிடம் கேள். விறகை மிச்சம் பிடித்தாரா? ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எடுத்தாரா? வெளியே நிற்கிறவன் குளிருகிறது என்று கத்தினதும் இரக்கப்பட்டுக் கொடுத்துவிட்டாரா? ரொட்டி அரைவேக்காடானால் வயிற்றுவலியோடு போகும். இது அப்படி இல்லை என்று அவருக்கு யாராவது சொன்னீர்களா?

ஷெவ்கெத்


பைபுர்த், ஜனவரி 19

மருத்துவர் ஷெவ்கெத் பே அவர்களுக்கு,

உங்கள் கேள்விகளை உஸ்தாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருஷத்துல ஒரு ரொட்டி அரைவேக்காடா வெளிய போனதில்லம்மா" என்றார், அவ்வளவுதான்.

அப்பா அன்றே ஒரு காரியம் செய்தார். வழியில் விழுந்து செத்த ஒரு சிப்பாயின் சட்டையை லாயத்திலிருந்து கொண்டுவரச் சொன்னார். தையல் முழுக்க நெளிந்தது. ஒரு மணி நேரம் அடுப்பில் தொங்கவிட்டு எடுத்து, வெள்ளைத் துணியின் மேல் உதறினோம். நான் குனிந்து ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. ஈரும் பொரிந்துபோயிருந்தது. தவறு எங்கள் அடுப்பில் இல்லை. உங்களிடம் இருக்கலாம், வழியில் இருக்கலாம். தேடுங்கள்.

லுத்ஃபி சாப்பிடுகிறானா? என்னைக் கேட்கிறானா? அதை மட்டும் எழுதுங்கள், வேறு எதுவும் வேண்டாம். கணவாயைப் பனி மூடிவிட்டது, தபால் குதிரையையும் பட்டாளத்தையும் தவிர யாரையும் விடுவதில்லை. இல்லையென்றால் நடந்தே வந்திருப்பேன்.

நஸ்மியே


எர்சுரூம், ஜனவரி 24

நஸ்மியே,

உஸ்தாவின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அதை முதலில் அவரிடம் சொல்.

லுத்ஃபிக்கு இன்று பதினைந்தாம் நாள். தண்ணீர் மட்டும் இறங்குகிறது. என்னை அடையாளம் தெரியவில்லை. "அக்கா, கதவைத் திற, கை சுடுது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். சிறுவயதில் அடுப்புக் கதவில் கை வைத்துக்கொண்டானாமே, அந்த நினைப்பாக இருக்கலாம்.

நேற்று மதியம் அவன் உடம்பைத் துடைக்க நானே உட்கார்ந்தேன். கழுத்தைத் துடைக்கும்போது தாயத்து இடைஞ்சலாக இருந்தது. தூக்கிப் பிடித்தேன். கம்பளிக் கயிற்றின் முடிச்சில் ஒன்று நகர்ந்தது. கத்தரியால் தையலைப் பிரித்தேன். மெழுகுத் துணிக்குள் காகிதம் சுத்தமாக இருந்தது. மேலே சுற்றிய பட்டுத் துணியின் மடிப்பில் பதினேழு பேன்கள் இருந்தன. எண்ணினேன்.

பக்கத்துக் கட்டிலில் பிரித்தேன். அதற்கடுத்த கட்டிலிலும் பிரித்தேன். முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேருடையதில் உயிரோடு இருந்தன.

வேறு யார் வாயிலாகவும் உனக்குத் தெரியக்கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். சட்டையை வேகவைத்தோம், கால்சட்டையை வேகவைத்தோம், ஆனால் ஒருநாளும் கழற்றாத ஒன்றை விட்டுவிட்டோம். பத்துப் பேருடையதை ஒரே கையில் கொத்தாகப் பிடித்தபோது ஒருவருடையது பத்துப் பேருக்கும் போயிருக்கிறது.

இது உன் தவறு இல்லை. நான் 'எல்லாம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ஏழு பொருள்களின் பெயரை எழுதினேன். அந்த ஏழுதான் எல்லாம் என்று படிக்கிறவருக்குத் தோன்றாதா? தாயத்தை விட்டுவிட்டோம் என்று நீ எழுதிய கடிதம் என் பையில் இருக்கிறது. ஹமாம் வேடிக்கையைப் படித்துச் சிரித்துவிட்டு, அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். உடனே பதில் போட்டிருந்தாலும் லுத்ஃபிக்கு உதவியிருக்காது. அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு உதவியிருக்கும்.

பிப்ரவரி முதல் தேதிவாக்கில் எழுநூறு பேர் பைபுர்த் வருகிறார்கள். நேரமில்லை.

ஷெவ்கெத்


பைபுர்த், ஜனவரி 30

ஷெவ்கெத்,

படித்த அன்று ஊசிப் பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன், உள்ளே எறிய. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. "எறிஞ்சா லுத்ஃபிக்குக் காய்ச்சல் இறங்கும்னா எறி" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

ஹோஜா வீட்டுக்கு நானே போனேன். காகிதத்தை மரியாதையோடு தனியே எடுத்து வைத்துவிட்டு, துணியையும் கயிற்றையும் மட்டும் அடுப்பில் போடலாமா என்று கேட்டேன்.

"தாராளமாப் போடலாம் மகளே. துணி துணிதானே?" என்றார். "அன்னிக்கு உஸ்தா எங்கிட்ட காகிதத்தப் பத்தித்தான் கேட்டார். இத அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

தெருவில் எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

நாளையிலிருந்து ஹமாம் வாசலில் பன்னிரண்டு பெண்கள் உட்காருகிறோம். பிரிப்போம், காகிதத்தைச் சுத்தமான தட்டில் பெயரோடு வைப்போம், துணி அடுப்புக்குப் போகும். அவர்கள் குளித்து வருவதற்குள் புதுத் துணியில் தைத்து அவரவர் கழுத்தில் போட்டுவிட வேண்டும். எழுநூறு. ஹோஜாவும் வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறார், கழற்ற மாட்டேன் என்கிறவர்களிடம் பேச.

தபால்காரர் குதிரைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளறைக்குப் போய்விடுகிறேன். அவன் இருக்கிறானா?

நஸ்மியே


எர்சுரூம், பிப்ரவரி 4

நஸ்மியே,

லுத்ஃபி ஜனவரி 26 காலையில் போய்விட்டான். ஒன்பது நாளாக இந்த ஒரு வரியை எழுத முயன்றுகொண்டிருந்தேன். கடைசியில் பிதற்றல் இல்லை. நான் கையைப் பிடித்திருந்தேன். கோட்டை வாசலுக்கு வெளியே, தனிக் குழியில் வைத்தோம். ஆறு பேர் நெருப்பு மூட்டி மண்ணை இளக்கித் தோண்டினோம்.

'தகுதி' என்று நான் எழுதிய தாள் இங்கே கம்பெனிப் பதிவோடு வந்திருக்கிறது. என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

தாயத்தைப் பற்றி எழுதியதைத் தலைமை மருத்துவர் படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. வழியிலிருக்கும் எல்லா ஊர்களுக்கும் அறிவிப்பு அனுப்பலாம் என்கிறார். என்னை எழுதச் சொன்னார். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நீ பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நீ எழுது.

ஷெவ்கெத்


பைபுர்த், பிப்ரவரி 12

ஷெவ்கெத்,

மூன்று நாள் படுத்திருந்தேன். நான்காம் நாள் எழுநூற்றில் கடைசி இருநூறு பேர் வந்து வாசலில் நின்றார்கள். எழுந்தேன்.

எழுநூற்றில் அறுநூற்றுத் தொண்ணூற்றாறு பிரித்துத் தைத்தோம். நான்கு பேர் மறுத்துவிட்டார்கள். ஹோஜா கெஞ்சியும் கேட்கவில்லை. அவர்களைத் தனியாக நடத்திக் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறோம். என் விரல் நுனிகள் எல்லாம் புண். ஒரு தாயத்தைப் பிரித்தபோது உள்ளே வசனத்தோடு ஒரு சின்னக் குழந்தையின் பால்பல் இருந்தது. அதையும் தட்டில் வைத்து, திரும்பவும் உள்ளே வைத்துத் தைத்தேன். இவர்கள் பிழைப்பார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் உங்களுக்குத் தெரியும். எனக்கு எழுதுங்கள், நல்லதானாலும் கெட்டதானாலும் ஒன்பது நாள் வைத்திருக்காமல்.

'தகுதி' என்று நீங்கள் எழுதிய அந்த வார்த்தையை இன்னும் மன்னிக்கவில்லை. பொய் எழுதியிருந்தால் மன்னித்திருப்பேனா என்று தம்பி கேட்பது போல இருக்கிறது. என் பங்குக்கு நான் மாற்றிக் கோத்த அந்தக் கயிறும் இருக்கிறது. இருவரும் ஒரே வீட்டில் இருந்து இதைச் சுமக்க முடியுமா என்று பார்ப்போம், பனி உருகட்டும்.

அறிவிப்பு கேட்டீர்கள். 'எல்லாம்' என்ற சொல் அதில் வர வேண்டாம். அப்படிச் சொன்னால் ஒவ்வொருவரும் தனக்குப் பிரியமானதை விட்டுவிட்டுத்தான் மற்றதை எண்ணுவார்கள். தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஐந்தே வரி. முதல் வரியிலேயே தாயத்து.

இன்னொன்று. செப்டம்பரில் நீங்கள் புறப்பட்டபோது நான் வாசலுக்கு வரவில்லை. ஆனால் உங்கள் கோட்டின் உள்பக்கம், இடது மார்புக்கு நேராக, ஒரு தாயத்தை வைத்துத் தைத்திருந்தேன். சொல்லவில்லை. கோபத்தில் இருந்தேன். லுத்ஃபியின் தாயத்தில் போட்ட அதே இரட்டைத் தையல்தான். அது அங்கே இருப்பதே உங்களுக்குத் தெரியாது. ஐந்து மாதமாக அந்த வார்டில் அந்தக் கோட்டோடுதான் நடக்கிறீர்கள்.

கடிதத்தைக் கீழே வையுங்கள். கோட்டைக் கழற்றிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, தையலைப் பிரித்துப் பாருங்கள்.